நிலவை வெள்ளைத் தட்டாக்கும் தானியங்கி வெளிச்சம்

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். மொட்டை மாடியில் டிரைபாடைப் போட்டு, 200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, எட்டரை மணிக்கே தயாராகிவிட்டேன். நிலவின் ஓரத்தில் கருநிழல் விழத் தொடங்கியது 9:57க்குத்தான். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பூமியின் புறநிழல், அதாவது கருநிழலைச் சுற்றியுள்ள மெல்லிய நிழல், நிலவின் மேல் படரத் தொடங்கிவிடும். கண்ணுக்கு அது அவ்வளவாகப் பிடிபடாது. அந்த மெல்லிய மங்கலைப் படத்தில் பிடிக்க வேண்டும் என்பதே என் ஆசை. அதனால் கேமராவை முழுக்க மேனுவலில் வைத்தேன்: எஃப்/8, ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ 100. எதையும் தொடாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம், எல்லாம் ரா கோப்பாக.

மறுநாள் மொத்தத்தையும் கணினியில் திறந்தால், நிலா வெறும் வெள்ளைத் தட்டாகத் தெரிந்தது. கன்னங்கரேல் என்று இருக்க வேண்டிய வானத்தில் சாம்பல் தூவியது போல இரைச்சல், அதாவது காட்சியில் இல்லாத பொட்டுப் பொட்டான புள்ளிகள். அதைவிட வருத்தம், மேகம் லேசாக எட்டிப் பார்த்த படங்களில் நிலா சற்று அடங்கியிருந்தது. மேகமில்லாத படங்களில் பளீரென்று எரிந்தது. கேமராவில் எந்த அமைப்பும் மாறவில்லை. வெளிச்சத்தை மாற்றியது மென்பொருள், அதுவும் என்னைக் கேட்காமல்.

ஏன் அப்படிச் செய்கிறது என்று தெரிய, ரா கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை ஒரு கணக்கு நோட்டு என்றே சொல்லலாம். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதற்கு ஓர் எண். 14 பிட் கேமராவானால் 0 முதல் 16,383 வரை. கறுப்புக்கான அடிப்படை எண்ணைக் கழித்துவிட்டால், ஒளி இரண்டு மடங்காகும்போது எண்ணும் இரண்டு மடங்காகும். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை, நமக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதாகத் தோன்றும். நேர்விகிதக் கணக்கில் அதன் இடம் 255க்கு 46தான். திரையில் அது நடுச் சாம்பலாகத் தெரிய வேண்டுமானால் 118 அளவுக்கு ஏற்ற வேண்டும். இந்த ஏற்றத்தைச் செய்வது காமா வளைவு. எல்லாப் படத்துக்கும் வளைவு ஒன்றே என்பதால் அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. டேவ் காஃபின் 1997இல் எழுதத் தொடங்கிய டிசிரா என்ற நிரலை எடுத்துக்கொள்வோம். ரா கோப்புகளைப் பிரிக்கும் இன்றைய மென்பொருள்கள் பலவற்றுக்கும் அதுதான் மூதாதை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது இப்படி வேலை செய்யும்: படத்தின் ஹிஸ்டோகிராமை, அதாவது எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் என்ற பட்டியலை எடுத்து, மிகப் பிரகாசமான முனையிலிருந்து கீழ்நோக்கிப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே வரும். மொத்தப் புள்ளிகளில் 1 சதவீதம் ஆனதும் நிற்கும். நின்ற இடத்தின் எண் எதுவோ, அதை முழு வெள்ளையாக வைத்துக்கொண்டு படம் முழுவதையும் பெருக்கிவிடும். அதற்கு மேலே இருந்த அந்த 1 சதவீதமும் வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடும். 24 மெகாபிக்சல் படத்தில் அது 2,40,000 புள்ளிகள்.

பகலில் எடுத்த தெருப் படத்துக்கு இது பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். வெயில் பட்டு மின்னும் பாத்திரம், வண்டிக் கண்ணாடி, வெளிறிய வானத்துண்டு என்று அந்த 1 சதவீதம் ஒன்றுமில்லாத இடங்களில் கரைந்துவிடும்.

நிலாப் படத்தில் கதை வேறு. 200 மில்லிமீட்டர் லென்ஸ் சென்சாரில் வரையும் நிலவின் விட்டம் சுமார் 1.8 மில்லிமீட்டர். 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரில் அது பிடிக்கும் பரப்பு 0.3 சதவீதம்! எண்ணிக்கொண்டு வரும் நிரல் நிலா முழுவதையும் தாண்டி, 1 சதவீதம் நிரம்பாமல், இருண்ட வானத்துக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே கிடைக்கும் ஏதோ ஓர் இரைச்சல் புள்ளியை ‘இதுதான் வெள்ளை’ என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் பல மடங்கு பெருக்குகிறது. நிலவின் கருந்திட்டுகள் எல்லாம் கேமராவில் ஒழுங்காகத்தான் பதிவாகியிருந்தன. பெருக்கலில்தான் காணாமல் போயின. மேகம் ஒளிர்ந்த படங்களில் வானத்தின் எண்கள் கொஞ்சம் பெரியவை, அதனால் பெருக்கம் குறைந்தது. என் படங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போன காரணம் இவ்வளவுதான்.

நல்லவேளை, இதில் எதுவும் ரா கோப்பைத் தொடுவதில்லை. பெருக்கலை நிறுத்திவிட்டு மறுபடி திறந்தால் போதும். டிசிராவில் கட்டளையோடு ஒரு சிறுகோடும் பெரிய எழுத்து டபிள்யூவும் சேர்க்க வேண்டும். சிறிய எழுத்து டபிள்யூ கேமராவின் வெள்ளைச் சமநிலையை எடுத்துக்கொள்ளச் சொல்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘அணைத்தும் அணையவில்லையே’ என்று திணறுவது எளிது.

மற்ற மென்பொருள்களில் இந்தத் தலையீடு வேறு வேறு உருவத்தில் ஒளிந்திருக்கிறது. டார்க்டேபிளின் அண்மைப் பதிப்புகள் ரா படத்தைத் திறந்ததுமே 0.7 ஸ்டாப் ஏற்றி வைக்கின்றன. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு, 0.7 ஸ்டாப் என்றால் சுமார் 1.6 மடங்கு. இது எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு என்பதால் ஒப்பீட்டைக் கெடுக்காது. அதே பகுதியில் கேமராவின் எக்ஸ்போஷர் திருத்தத்தை ஈடுகட்டும் ஒரு தேர்வுப்பெட்டியும் இருக்கிறது. பட்டுப்புடவையின் ஜரிகை வெளிறிவிடக் கூடாது என்று நீங்கள் கேமராவில் ஒரு ஸ்டாப் இறக்கி எடுத்திருந்தால், அந்தக் குறிப்பைப் படித்து அதே ஒரு ஸ்டாப்பை அது ஏற்றிவிடும். டிக் எடுத்துவிட்டால் நீங்கள் வைத்த அளவு திரும்ப வரும். ராதெரபியில் தானாகப் பொருந்தும் டோன் வளைவு, ரா கோப்புக்குள் கேமரா பொதிந்து வைத்த ஜேபெக்கைப் பார்த்து அதைப் போலவே வரைய முயலும். நியூட்ரல் என்ற புரொஃபைலைத் தேர்ந்தால் அது விலகும். கேப்சர் ஒன்னில் வளைவை லீனியர் ரெஸ்பான்ஸுக்கு மாற்றலாம். டிஎன்ஜி என்ற ரா வகைக் கோப்புகளில் அடிப்படை எக்ஸ்போஷர் என்று ஓர் எண் பொதிந்திருக்கும். மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் கூட்டிக்கொள்ளும், ஸ்லைடரோ பூஜ்யத்தைத்தான் காட்டும். பூஜ்யத்தைப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று நம்பிவிடாதீர்கள்.

உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று அறிய ஒரு சோதனை உண்டு. லென்ஸ் மூடியைப் போட்டு, ரா வடிவில் ஒரு படம் எடுங்கள். அதைத் திறந்தால் கறுப்பு மட்டுமே தெரிய வேண்டும். நிறநிறப் புள்ளிகள் குவிந்து கிடந்தால், இல்லாத ஒளியைத் தேடிப் பெருக்கியிருக்கிறது என்று பொருள். அடுத்து, ஒரே காட்சியை ஷட்டர் 1/60இலும் 1/125இலும் எடுத்து அருகருகே வையுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் திறந்தால் தானியங்கி விழித்திருக்கிறது.

எல்லோரும் எப்போதும் இதை அணைத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்தில் எடுத்த ஆயிரம் படங்களை வேகமாகப் புரட்டிப் பார்க்க அது பெரிய உதவி. ஆனால் ஒரு படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட வேண்டிய எந்த வேலைக்கும் அது ஆகாது. டைம்லேப்ஸில் படங்கள் மினுக் மினுக்கென்று துடிக்கும். பனோரமாவில் ஒட்டுத் தெரியும். மாறொளி விண்மீன்களின் வெளிச்சத்தை அளப்பவருக்கோ அளவீடே பாழ். வெறும் பெருக்கல் என்றால் ஒரு படத்துக்குள் இரு விண்மீன்களின் விகிதமாவது, வெள்ளையில் முட்டாத வரை, மிஞ்சும். படத்துக்குப் படம் மாறும் வளைவு சேர்ந்தால் அதுவும் போய்விடும்.

என் கிரகணப் படங்களுக்கு வருகிறேன். தானியங்கியை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி திறந்தேன். முதலில் இருட்டாகத்தான் இருந்தது. முதல் படத்தில் என் கண்ணுக்குச் சரி என்று பட்ட அளவுக்கு, முக்கால் ஸ்டாப், கையால் ஏற்றினேன். அதே எண்ணை மற்ற எல்லாப் படங்களுக்கும் அப்படியே ஒட்டினேன். வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஒன்பதரை மணிப் படத்திலேயே நிலவின் ஒரு பக்கம், ஈரத்துணி பட்ட சுவர் போல, லேசாக மங்கியிருந்தது.