ரோலர் கோஸ்டர்: காதுக்குள் நடக்கும் கூத்து

தலைச்சுற்றலுக்காக என்னிடம் வருபவர்களில் சிலர், குணமானதும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "டாக்டர், இனி ரோலர் கோஸ்டர்ல ஏறலாமா?" நியாயமான கேள்விதான். அவர்களைப் பாடாய்ப் படுத்திய அதே உள்காதுதான், மேடும் பள்ளமுமான தண்டவாளத்தில் பாய்ந்தோடும் அந்தக் கேளிக்கைப் பூங்கா ரயில் சவாரியை ரசிக்கவும் வைக்கிறது.

வேகம்தான் மஜா என்றால், மணிக்கு 800 கிலோமீட்டரில் போகும் விமானத்தில் நாம் கூச்சல் போட வேண்டும். தூங்கிவிடுகிறோமே! சீரான வேகத்தை உள்காது கண்டுகொள்ளாது. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணரும். சுண்ணாம்புத் துகள்கள் படிந்த இரண்டு பைகள், வேகம் கூடுவதையும் குறைவதையும் உணரும். மேட்டின் உச்சியில் ரயில் கீழே வளையும்போது உடம்பு மேலேயே போகப் பார்க்கும். இருக்கையை விட்டு எழும்பி அடிவயிறு ஜிவ்வென்று கூசும் அந்த ஓரிரு நொடிக்காகத்தான் இவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அது இன்னும் வேண்டுமா? கடைசிப் பெட்டியில் உட்காருங்கள். முதல் பெட்டி உச்சியை மெதுவாகத் தாண்டும். கடைசிப் பெட்டி அங்கே வருவதற்குள் முன்பாதி விழத் தொடங்கியிருக்கும், வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போகும். குமட்டல் வருகிறவர்களுக்கு முன்பக்கமே நல்லது. வரப்போகும் வளைவு கண்ணுக்குத் தெரிந்தால் மூளை முன்கூட்டியே தயாராகிவிடும்.

பாதி சுகம் பொறியாளர் கையில். 1895-ல் அமெரிக்காவின் கோனி ஐலண்டில் ஓடிய 'ஃபிளிப் ஃபிளாப்' முழுவட்டமாகச் சுழன்றது. ஏறியவர்கள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். 1976-ல் கலிபோர்னியாவில் வந்த 'ரெவல்யூஷன்' வளையத்தை நீர்த்துளி வடிவத்துக்கு மாற்றியது. அதில் அழுத்தம் திடீரென்று தாக்காமல் படிப்படியாக ஏறும்.

மீதி நம் கையில். தலையை இருக்கையின் பின்பக்கத்தில் ஒட்டி நேராக வையுங்கள், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க அது இடமில்லை. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் ஏற வேண்டாம். அப்புறம், அந்தச் சுண்ணாம்புத் துகள் இடம் பெயர்ந்து அண்மையில் தலைச்சுற்றல் வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

இறங்கியதும் கால் தள்ளாடுவது சிறிது நேரத்தில் சரியாகிவிடும். தலைவலியோ கழுத்துவலியோ நாளுக்கு நாள் கூடினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். சவாரி போனதையும் சொல்லுங்கள். நாங்களாகக் கேட்காவிட்டால் பலரும் அதைச் சொல்வதே இல்லை.