லிபரல்: ஒரு கட்சிப் பெயரின் பொருளும் அது உருவாக்கிய நாடும்

கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய மூன்று நாட்டுத் தேர்தல் செய்திகளிலும் 'லிபரல்' என்ற பெயர் அடிபடும். மூன்றும் ஒரே கொள்கைக் கட்சிகள் என்று நினைத்துப் படித்தால் செய்தி தலைகீழாகிவிடும். ஆஸ்திரேலியாவில் 1944-ல் ராபர்ட் மென்சிஸ் முன்னின்று தொடங்கிய லிபரல் கட்சி அந்நாட்டு வலதுசாரிகளின் தாய்வீடு. ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சியும் பழமை பேணும் கட்சிதான். கனடாவின் லிபரல் கட்சி நடுவில் நின்று சற்றே இடப்பக்கம் சாய்வது. அமெரிக்காவில் இந்தப் பெயரில் பெரிய கட்சியே இல்லை. ஆனால் ஒருவரை லிபரல் என்றால் அவர் இடதுபக்கம் என்று பொருள்.

வேர்ச்சொல் லத்தீன் மொழியின் 'லிபெர்'. அடிமையல்லாத, கட்டற்ற மனிதனைக் குறித்த சொல் அது. அதிலிருந்து பிறந்த 'லிபெராலிஸ்', கட்டற்றவனுக்குரிய பண்புகளைக் குறித்தது. கையை இறுக்காமல் கொடுப்பதும் அவற்றில் ஒன்றாக எண்ணப்பட்டதால், 'வள்ளன்மை' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் வெகுகாலம் அந்தப் பொருளே முன்னால் நின்றது.

அரசியல் பெயராக அது உருவெடுத்த இடம் ஸ்பெயினின் காடிஸ் நகரம். நெப்போலியன் படை நாட்டைப் பிடித்திருந்தபோது அங்கே கூடிய மன்றம் 1812-ல் ஓர் அரசியலமைப்பை இயற்றியது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்ட வேண்டும் என்றவர்கள் தங்களை 'லிபெராலெஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். எதிர்த்தவர்களுக்கு 'அடிவருடிகள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அங்கிருந்து பிரிட்டனுக்குப் போன சொல், 1859-ல் விக் கட்சியினரும் மற்றச் சீர்திருத்தக்காரர்களும் ஒன்றுசேர்ந்தபோது லிபரல் கட்சியின் பெயராக நிலைபெற்றது.

ஒரு கட்சி நாட்டின் அடையாளத்தையே எப்படி மாற்றுகிறது என்பதற்குக் கனடாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அங்கே இந்தப் பெயர் எளிதில் வேர்பிடிக்கவில்லை. ஐரோப்பிய லிபரல்கள் திருச்சபையின் பகைவர்கள் என்று, பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாநிலத்தின் கத்தோலிக்க ஆயர்கள் கருதினார்கள். லிபரல்களின் நிறம் சிவப்பு, கன்சர்வேட்டிவ்களின் நிறம் நீலம். 'சொர்க்கம் நீலம், நரகம் சிவப்பு' என்ற பேச்சே அங்கு உலவியது. 1877-ல் லிபரல் கட்சியின் வில்ஃப்ரிட் லோரியே கியூபெக் நகரில் ஆற்றிய புகழ்பெற்ற உரை இதற்குத்தான் பதில். எங்கள் வழி பிரிட்டனின் சீர்திருத்த வழி, மதத்தோடு எங்களுக்குப் பகை இல்லை என்று விளக்கினார். 1896-ல் அவர் பிரதமரானார்; பிரெஞ்சு மொழி பேசும் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை.

கனடாக் கொடியின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1965 தொடக்கம் வரை பிரிட்டனின் சின்னத்தை மூலையில் தாங்கிய சிவப்புக் கொடியே கனடாவில் பறந்தது. புதுக்கொடி வேண்டும் என்று லிபரல் பிரதமர் லெஸ்டர் பியர்சன் 1964-ல் வின்னிபெக்கில் முன்னாள் போர்வீரர்களின் கூட்டத்திலேயே போய்ச் சொன்னார், கூச்சல் எழுந்தது. அவர் விரும்பியது மூன்று மேப்பிள் இலைகளும் இருபுறம் நீலப் பட்டைகளும் கொண்ட வடிவம். முடிவு 15 உறுப்பினர் குழுவிடம் போனது. லிபரல்கள் தங்கள் பிரதமரின் வடிவத்துக்கே கைதூக்குவார்கள் என்று கணக்குப் போட்ட கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள், ஒற்றை இலைக் கொடிக்கு வாக்களித்தார்கள். லிபரல்களும் அதற்கே வாக்களித்தார்கள். 14-க்கு 0! அவையில் கன்சர்வேட்டிவ் தலைவர் ஜான் டீபன்பேக்கர் மாதக்கணக்கில் போராடிப் பார்த்தார். 1964 டிசம்பர் 15-ன் பின்னிரவில் 163-க்கு 78 என்று தீர்மானம் நிறைவேறியது. 1965 பிப்ரவரி 15 அன்று கொடி ஏறியது. இன்று கன்சர்வேட்டிவ் மேடைகளிலும் அதே கொடிதான். ஒரு கட்சியின் கொள்கை நாட்டின் அடையாளமாகிவிட்டதா என்பதை எதிர்க்கட்சி அதைத் தன்னுடையதாக ஏற்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லிபரல் ஆட்சியில்தான் 1967-ல் குடியேற்றத்துக்குப் புள்ளி முறை வந்தது. பிறந்த நாட்டையும் இனத்தையும் விட்டுப் படிப்பு, தொழில், மொழித்திறன் ஆகியவற்றைப் பார்த்தார்கள். 1969-ல் ஆங்கிலமும் பிரெஞ்சும் அலுவல் மொழிகளாயின. 1971 அக்டோபர் 8 அன்று லிபரல் பிரதமர் பியர் ட்ரூடோ, அலுவல் மொழி இரண்டு உண்டு, அலுவல் பண்பாடு என்று ஒன்று கிடையாது என்ற கருத்தோடு பன்முகப் பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தார். 1982-ல் வந்த உரிமைகள் சாசனத்தின் 27-ஆம் பிரிவு அந்தப் பன்முக மரபை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் இந்தக் கொள்கைக்கு முழுச் சட்டம் இயற்றியது 1988-ல் பிரையன் மல்ரோனியின் கன்சர்வேட்டிவ் அரசு. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானத்தை 2016-ல் லிபரல் உறுப்பினர் கேரி ஆனந்தசங்கரி கொண்டுவந்தபோது எல்லாக் கட்சியும் சேர்ந்தே நிறைவேற்றின. டொராண்டோத் தமிழர்களின் பொங்கல் விழாக்களுக்குப் பின்னால் 1971-ன் அந்த அறிவிப்பும் இருக்கிறது.

பெயர் நல்லதென்பதால் செய்ததெல்லாம் நல்லதாகிவிடாது. 1923-ல் சீனர்களின் வரவை அடைத்த சட்டம் மெக்கன்சி கிங்கின் லிபரல் அரசுடையது. 1942-ல் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை வீட்டைவிட்டு வெளியேற்றி முகாம்களுக்கு அனுப்பியதும் அவர் அரசே. 1982 அரசியலமைப்புக்குக் கியூபெக் அரசு ஒப்புதல் தரவில்லை. அந்தக் காயம் ஆறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. கட்டற்ற மனிதனின் பெயரைத் தாங்கிய கட்சி, யாரை அந்த மனிதனாக எண்ணியது என்ற கேள்வியை இந்த ஆண்டுகளைப் படிக்கும் எவரும் கேட்டே ஆக வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். 1918-ல் காங்கிரசிலிருந்து பிரிந்து தங்களை லிபரல்கள் என்று அழைத்துக்கொண்டவர்களைத் தமிழில் 'மிதவாதிகள்' என்றே சொல்லிவருகிறோம். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அவர்களில் ஒருவர். அது அவர்களின் போக்கைக் குறித்த சொல், கோட்பாட்டைக் குறித்ததன்று. இப்போது பரவலாக இருப்பது 'தாராளவாதம்'. இலங்கைத் தமிழ் எழுத்துகளில் 'தாராண்மைவாதம்' என்பதையும் காணலாம். 'தாராளவாதம்' என்றதும் தாராள மனசு, தாராளச் செலவு என்று காது வேறு பக்கம் போகிறது. லத்தீன் சொல்லின் கிளைப்பொருள் நம்மிடம் வந்து தலைப்பொருளாகிவிட்டது. அதிகாரத்துக்கு வரம்பு, தனிமனிதனுக்கு உரிமை, சட்டத்தின் முன் சமம் என்ற உட்பொருள் எதுவும் அதில் ஒலிப்பதில்லை. போதாக்குறைக்கு 1991-க்குப் பின் 'தாராளமயம்' என்ற பொருளாதாரச் சொல்லும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. சந்தையைத் திறந்துவிடுவதும் கருத்துரிமையைக் காப்பதும் ஒன்றே என்ற மயக்கம் இதனால்தான்.

பொருளைப் பார்த்தால் 'தன்னுரிமைவாதம்' மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் தனித்தமிழ்நாடு, ஈழம் சார்ந்த எழுத்துகளில் 'தன்னுரிமை' என்பது ஓர் இனத்தின் சுயநிர்ணயத்தையும் குறிக்கும். எனவே கோட்பாட்டுக்குத் 'தாராண்மைவாதம்' என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் தருவதே சரி என்பேன். 'மை' ஈறு அதைப் பண்பாகவும் நெறியாகவும் காட்டுகிறது. தாராளச் செலவோடு குழப்பவும் வழியில்லை. பொருளாதாரத்துக்குத் 'தாராளமயம்' இருக்கட்டும். கட்சிகளின் பெயரை மொழிபெயர்க்காமல் 'லிபரல் கட்சி' என்றே எழுதி, எந்த நாட்டுக் கட்சி என்பதையும் சேர்த்துவிட வேண்டும்.