நீண்ட இடைவெளிக்குப் பின் ஆல்பமா? முதலில் கட்டையை இறக்குங்கள்

தானே எழுதி, தானே கிட்டார் வாசித்துப் பாடும் நாட்டார் பாடகர்கள், பல ஆண்டு கழித்துத் திரும்பி வரும்போது பழைய பாட்டைப் பழைய சுருதியிலேயே, அதாவது பழைய கட்டையிலேயே, எடுக்கிறார்கள். தொண்டை கெடுவது அங்கேதான். வயது ஏற ஏறக் குரல் நாண்களின் தசை மெலியும். இரண்டு நாண்களும் முழுசாகச் சேராமல் நடுவே காற்று கசியும். மாதவிடாய் நின்றபின் பெண்குரல் பொதுவாகக் கீழிறங்கும். முதுமையில் ஆண்குரல் சற்று ஏறும். கசிவை மறைக்க அழுத்திப் பாடினால் சுற்றுத் தசைகள் இறுகி, மேல் ஸ்தாயி இன்னும் உடையும்.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, பாட்டின் உச்ச வரியை மட்டும் பேசும் சத்தத்தில் மூன்று முறை தொடர்ந்து பாடுங்கள். மூன்றாவது முறை பிசிறினால் அரைக் கட்டை இறக்குங்கள். ஒரு கட்டை, இரண்டு கட்டை இறங்குவதெல்லாம் சகஜம். எல்லாத் தந்திகளையும் ஒரு கட்டை தளர்த்திக்கொண்டால் விரல் பிடி மாறாது. தேவைப்பட்டால் கேப்போவால் (கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப்) ஏற்றலாம். அதற்கும் கீழே போனால் தந்தி தொய்ந்து ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) இரையும், தடித்த தந்தி செட் மாற்றுங்கள்.

பயிற்சிக்கு ஒரு ஸ்ட்ரா போதும். முனையைத் தண்ணீரில் 2 செ.மீ. அமிழ்த்தி, அதன் வழியே 'ஊ' என்று கீழிருந்து மேலாக ஐந்து நிமிடம் இழுங்கள். குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை. பாட்டு அதற்குப் பிறகுதான். கனைத்துச் சரிசெய்யும் பழக்கத்தை விடுங்கள். நாண்கள் மோதி வீங்கும். ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.

இங்கிலாந்து நாட்டார் பாடகி ஷெர்லி காலின்ஸ் குரல் பாதித்துப் பல்லாண்டு பாடாதிருந்தவர். 2016இல், 81 வயதில், 38 ஆண்டுகளுக்குப் பின் ஆல்பம் தந்தார். ஒலிப்பதிவு அவர் வீட்டிலேயே நடந்தது. இளமைக் குரலைத் தேடாமல், கனத்து இறங்கிய குரலிலேயே பாடினார். அதுதான் சரியான வழி.

பதிவில் குரலையும் கிட்டாரையும் தனித்தனியே எடுக்காதீர்கள். மூச்சும் தாளமும் பிரிந்துவிடும். பக்கவாட்டு ஒலியை வாங்காத ஃபிகர் எயிட் மைக் இரண்டை, குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என, ஒவ்வொன்றின் பக்கவாட்டும் மற்ற ஒலியை நோக்கும்படி வைத்தால் ஒன்றின் ஒலி மற்றதில் அதிகம் கலக்காது. குரல் மைக் வாயிலிருந்து 15–20 செ.மீ., கொஞ்சம் ஒதுங்கி இருக்கட்டும். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். பதிவுக் கருவியை 24 பிட்டில் வைத்து, ஒலியளவின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் எடுங்கள். குரல் நடுக்கத்தை ஆட்டோட்யூனில் (சுருதி திருத்தும் மென்பொருள்) தேய்த்தெடுத்தால் சொல்லின் உயிரும் போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம்.

குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் ஸ்டூடியோ தேதியைத் தள்ளிவைத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையை உள்நோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.