ஜேசிபியைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மழை பாருங்கள்

கட்டடக் கலைஞனான என்னிடம் வீடு கட்ட வருபவர்கள் இப்போதெல்லாம் மனையைக் காட்டுவதற்கு முன்பே கைப்பேசியைக் காட்டுகிறார்கள். புதுச்சேரிக் கடலோரத்துக் காலாப்பட்டில் மனை வாங்கிய தம்பதியும் அப்படித்தான் வந்தார்கள். படத்தில் பனிமலைச் சரிவு, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. "இப்படி இயற்கையோடு ஒட்டி வேண்டும் சார்" என்றார் கணவர்.

அந்த ஊரில் கண்ணாடி, குளிர்கால வெயிலை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு. நம் ஊரில் மேற்குப் பக்கம் அதை வைத்தால், சித்திரை மாதத்து நான்கு மணிக்குத் திரையை இழுத்து மூடிவிட்டு, பகலிலேயே விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மனைக்குப் போனேன். ஜேசிபி எனக்கு முன்பே வந்து போயிருந்தது. முந்திரி மரங்கள் ஒன்றுகூட இல்லை. மேற்கே மேட்டிலிருந்து கடலை நோக்கிச் சரியும் செம்மண் நிலம் அது. குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு இருந்த ஓடையையும் மண் கொட்டி மூடிவிட்டார்கள். ஐப்பசியில் தண்ணீர் தன் பழைய வழியிலேயே வந்து, புதிய மதில் சுவரில் பத்தடியைத் தள்ளிவிட்டுப் போனது. செலவுதான், ஆனால் என் பேச்சு எடுபட்டது அதன் பிறகுதான். ஓடையைத் திரும்பத் தோண்டி, வீட்டை இரண்டு கட்டாகப் பிரித்து, நடுவே நடைபாலம் போட்டோம்.

மண் நிறப் பெயிண்ட் அடித்தால் வீடு நிலத்தோடு ஒட்டிவிடாது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பாருங்கள். 1930களின் இறுதியில் கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைப்பில் கட்டத் தொடங்கிய, பூச்சு இல்லாத கான்கிரீட் கட்டடம். வடக்கு, தெற்கு முகப்புகளில் கண்ணாடி கிடையாது. திறந்து மூடும் லூவர் பலகைகள்தான். இரு பக்கமும் தோட்டம், நடுவே காற்று. மின்விசிறி இல்லாமலே அறைகள் குளிர்ந்திருக்கும்படி யோசித்திருக்கிறார்கள்.

கான்கிரீட்டைப் பூசாமல் விடுவது இப்போது மோகமாகிவிட்டது. கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். அந்த இடைவெளியைக் காக்கக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதிலாக ஜல்லியைச் செருகும் மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். உப்புக்காற்று உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து வீங்கினால் கான்கிரீட் பாளம் பாளமாக உதிரும். கான்கிரீட் வார்க்கும் அன்று நேரில் நின்று பாருங்கள்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு, காலாப்பட்டு வீட்டு அம்மா அழைத்தார். "பாலத்துக்குக் கீழே தண்ணீர் இரைகிறது, பயமாக இருக்கிறது."

"எந்தப் பக்கம் போகிறது?"

"கிழக்கே."

"அப்படியானால் தூங்குங்கள்" என்றேன்.