ஸ்கிரீனிங்: இனங்காண் சோதனை

'ஸ்கிரீனிங் கேம்ப்' என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தால், ஸ்கேன் எடுக்கப்போகிறார்கள் என்று நினைக்கும் பெற்றோர் நாகர்கோவில் பக்கத்தில் உண்டு. அது இல்லை. நோய் வெளியே தெரியாத பிள்ளைகளையும் சேர்த்து எல்லாரையும் எளிய முறையில் பார்த்து, மேற்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டியவர்களைப் பிரித்தெடுப்பதுதான் ஸ்கிரீனிங்.

ஸ்கிரீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் அடுப்பு அனலை மறைக்கும் தட்டி. பிறகு மணல், கரி சலிக்கும் சல்லடைக்கும் அதே பெயர். மருத்துவத்தில் நிலைத்தது சல்லடைப் பொருள். ஆனால் தமிழில் 'சலிப்பு' என்றால் அலுப்பும், 'அரிப்பு' என்றால் சொறியும் முந்திக்கொள்ளும். 'நோயறிதல்' அடுத்த கட்டமான டயக்னோசிஸுக்கு உரியது. 'இனங்காண் சோதனை' என்பதே பொருத்தம்.

அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது மேல்கையில் நிறம் போட்ட அளவு நாடாவைச் சுற்றுகிறார்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அப்புறம் பச்சை. சிவப்பு என்றால் குழந்தை கடுமையாக மெலிந்திருக்கிறது. ஏன் மெலிந்தது என்று நாடா சொல்லாது. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கூடவே வரும் சொல் 'கேஸ் மேனேஜ்மென்ட்'. 'வழக்கு மேலாண்மை' என்பது நீதிமன்றத்துக்குத்தான் சரி. இங்கே 'தொடர்கவனிப்பு' போதும்: மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு வாங்கிய பிள்ளை அங்கே போனதா, சிகிச்சை தொடங்கியதா, மறுபடி வந்ததா என்று ஒருவர் பொறுப்பெடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பது. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் குடும்பத்திடம் "ஆசாரிபள்ளத்துல கொண்டு காட்டுங்க" என்று, நாகர்கோவிலை ஒட்டிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சொல்லிவிடுவது எளிது. அவர்களுக்கு ஒருநாள் கூலி போகும், பஸ் மாற வேண்டும். கேட்க ஆளில்லை என்றால் சீட்டு வீட்டிலேயே கிடக்கும்.

பிள்ளைகளுக்கு இனங்காண் சோதனை செய்ய மத்திய அரசு 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்) திட்டப்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். இத்தனை பள்ளி, இத்தனை பிள்ளை என்ற கணக்கை மட்டும் வைத்து அதை மதிப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இரு வல்லுநர்கள் இனங்காண் சோதனைக்கு 1968இல் வகுத்த நெறிகளிலேயே, நோயை உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பது ஒன்று. சிவப்பு வந்தவர்களில் எத்தனை பேர் பச்சைக்குத் தேறினார்கள், கண்ணாடி எழுதிக்கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதைப் போட்டுக்கொண்டு வகுப்பில் இருக்கிறார்கள் என்பவைதான் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும். முகாம் நாளில் வராத பிள்ளைகளின் பட்டியலும் கூடவே வேண்டும். அவர்களை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை.