மழை விட்ட பிறகு கறுப்புக் காரில் என்ன நடக்கிறது

கியூர்பிப்பில் இரண்டே பருவம், ஒன்று சின்ன மழை, இன்னொன்று பெரிய மழை என்று மொரீஷியஸில் சொல்வார்கள். அந்த ஊரில் குடியிருந்துகொண்டு நான் கறுப்புக் கார் வைத்திருக்கிறேன். காலையில் சாரலில் நனைந்த காரை எடுத்து, ஃபீனிக்ஸ் தாண்டி மோட்டார்வேயில் இறங்கினால் பெரிய துளிகள் காற்றில் ஓடிப்போய்விடும், பொடித்துளிகள் மட்டும் பானெட்டில் ஒட்டிக்கொண்டே வரும். கடலோரத் தலைநகரான போர்ட் லூயிஸில் நிறுத்தும்போது அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். மாலையில் வந்து பார்த்தால் பானெட், கூரை, டிக்கி எல்லாவற்றிலும் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். ஒரு வருடம் முழுக்க மழையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கவனித்துப் பார்த்தால், கியூர்பிப்பிலேயே நாள் முழுக்க நனைந்துகொண்டு நின்ற நாட்களில் காரில் ஒரு தடமும் இல்லை. ஈரம் வெயிலில் காய்ந்த நாட்களில்தான் இருந்தது.

மழைநீர் கிட்டத்தட்ட காய்ச்சி வடித்த நீர் மாதிரிதான். கடலிலிருந்து ஆவியாகிப் போகும்போது உப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் போகிறது. திரும்பி இறங்கும்போதுதான் வழியில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது: காற்றில் இருக்கும் கரியமிலவாயு கரைவதால் சுத்தமான மழைக்குக்கூட லேசான அமிலத்தன்மை உண்டு (பிஎச் சுமார் 5.6), வண்டிப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன், கந்தக ஆக்ஸைடுகள் சேர்ந்தால் அது இன்னும் கூடும். அப்புறம் கடல் உப்பு. இந்தத் தீவில் எங்கே நின்றாலும் 25 கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும், அலை தெறித்து எழும் நுண்ணிய உப்புத்தூள் காற்றிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, துளி விழுவதற்கு முன்பே காரின் மேல் உட்கார்ந்திருக்கும் தூசி. துளி அதையும் கரைத்துக்கொள்கிறது.

மேற்குக் கடலோரத்தில் தமரின் என்ற ஊர்ப் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தானாகப் புரியும். பாத்தியில் நீர் விட்டு வெயிலில் காயவைத்தால் நீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். காரின் மேலிருக்கும் ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி உப்பளம். அளவைப் பாருங்கள்: ஒரு லிட்டர் நீரில் 100 மில்லிகிராம் தாது கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 0.05 மில்லிலிட்டர் துளியில் இருப்பது 0.005 மில்லிகிராம்தான். கண்ணுக்கே தெரியக்கூடாத அளவு. பின் ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது?

ஏனென்றால் அது துளி முழுக்கப் பரவிக் காய்வதில்லை, ஓரத்தில் போய்க் குவிகிறது. மேசையில் சிந்திய ரசமோ காபியோ காய்ந்ததும் நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கோடு போட்ட மாதிரி கருத்திருக்குமே, அதேதான். இதன் காரணத்தை சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். துளியின் விளிம்பு மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது, ஆனால் ஆவியாதல் அந்த மெல்லிய விளிம்பில்தான் அதிகம். அங்கே இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓடும்போது தன்னிடம் இருக்கும் தூசியையும் உப்பையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே கொட்டுகிறது. அதனால்தான் தடம் வளையமாக இருக்கிறது.

சரி, கறுப்புக் காருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தொடுவது நிறத்தை இல்லை. நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற ஒளி ஊடுருவும் பூச்சு இருக்கிறது, பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் தடிமன், தலைமுடியை விட மெல்லியது. வெள்ளைக் காருக்கும் கறுப்புக் காருக்கும் இது பொதுவாக ஒன்றேதான். வேறுபாடு இரண்டு இடத்தில். வெள்ளை வளையம் கறுப்புப் பின்னணியில் துலக்கமாகத் தெரிகிறது என்பது ஒன்று, அது வெறும் கண்ணுக்குத்தான். இரண்டாவதுதான் உண்மையான கெடுதல்: கறுப்பு வெயிலை விழுங்குகிறது. கடும் வெயிலில் கறுப்புத் தகடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும், பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் கார் அதைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். சூட்டில் துளி வேகமாக வற்றுகிறது. வற்ற வற்ற, கந்தக ஆக்ஸைடு நீரில் கரைந்து உண்டான கந்தக அமிலம் ஆவியாகாமல் செறிந்துகொண்டே போகிறது. முதலில் நாக்கில் வைத்தால்கூடத் தெரியாத அமிலம், கடைசிச் சொட்டு மிஞ்சும்போது பூச்சையே அரிக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. மெலமைன் என்ற பிசின் சேர்ந்த கிளியர் கோட்டில் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் பிணைப்புகளை அமிலமும் நீரும் சூடும் சேர்ந்து அறுத்துவிடும், அங்கே நுண்ணிய பள்ளம் விழும். கார் கம்பெனிகள் இதைச் சோதிப்பதற்கென்றே அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்துக் கோடையில் பெயிண்ட் பூசிய தகடுகளைத் திறந்தவெளியில் வைத்துப் பார்ப்பார்கள்.

துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துப் பெயிண்டைச் சுட்டுவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. தகட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் துளியின் குவியம் தகட்டுக்கு வெகு கீழே விழுகிறது. இலைகளை வைத்து ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் இதையே காட்டினார்கள்: வழுவழுப்பான இலையின் மேலிருக்கும் நீர்த்துளி இலையைச் சுடுவதில்லை. கெடுதலைச் செய்வது துளிக்குள் செறியும் பொருள்தான், அது குவிக்கும் ஒளி இல்லை.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. கடலோரத்தில் நிறுத்தும் கார்களில் மழையே பெய்யாமலும் தடம் வரும். சமையல் உப்புக்கு ஒரு குணம் இருக்கிறது, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். இரவில் கரைந்து உப்புநீராகி, பகலில் காய்ந்து படிகமாகி, மறுநாள் இரவு திரும்பவும் கரையும். இன்னொன்று கரும்புச் சாம்பல். வெட்டும் காலத்தில், அதாவது ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை, எங்காவது தோட்டம் எரிந்தால் கருந்துகள்கள் பறந்து வந்து கார் மேல் உட்கார்ந்துவிடும். செடிச் சாம்பலில் பொட்டாசியம் இருப்பதால் ஈரம் பட்டதும் காரத்தன்மை வந்துவிடும், கரும்புச் சாம்பலில் சிலிக்காவும் நிறைய. சிலிக்கா என்றால் மணல்தான். அதை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம், தயவுசெய்து செய்யாதீர்கள், முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

வாக்ஸோ செராமிக் கோட்டிங்கோ போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். பாதி உண்மை. அவை நீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கச் செய்கின்றன. பார்க்க அழகு. ஆனால் முத்தாக நிற்கும் நீர் உருண்டு போகாமல் அங்கேயே நின்றால் நம் குட்டி உப்பளம்தான் இன்னும் ஆழமாகிறது. தாமரை இலையில் நீர் ஒட்டுவதில்லை என்பதை விட, லேசாகச் சாய்த்தாலே ஓடிவிடுகிறது என்பதுதான் பெரிய விஷயம். கோட்டிங் போட்ட காரிலும் செங்குத்தான கதவில் துளி ஓடிவிடும், படுத்திருக்கும் பானெட்டிலும் கூரையிலும் நிற்கும். அதனால் கோட்டிங் போட்டவர்களும் ஈரத்தைத் துடைத்தே ஆக வேண்டும். அப்படியும் வாக்ஸை நான் விடமாட்டேன், ஏனென்றால் அமிலம் முதலில் கடிப்பது வாக்ஸைத்தான், கிளியர் கோட்டை இல்லை. தேய்ந்துபோனால் வாக்ஸைத் திரும்பப் பூசலாம்.

இப்போது நான் செய்வது இதுதான். போர்ட் லூயிஸ் சேர்ந்ததும், காரை நிழலில் விட இடம் கிடைத்தால் அங்கே, கிடைக்காவிட்டால் சூடேறுவதற்கு முன்பே, பெரிய மைக்ரோஃபைபர் துணியை நனைந்த பானெட்டின் மேல் விரித்துத் தேய்க்காமல் மெல்ல இழுத்து எடுப்பேன். இரண்டு நிமிடம் ஆகும். இதெல்லாம் மழையில் நன்றாக அலசப்பட்ட காருக்குத்தான், மண் தெறித்திருந்தால் கழுவாமல் துணியே வைக்காதீர்கள். வீட்டில் கழுவும்போது கடைசி அலசலுக்கு ஹோஸ் முனையிலிருக்கும் ஸ்ப்ரேயைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து நீரைத் தாரையாக ஓடவிடுவேன். தெளித்தால் ஆயிரம் துளி நிற்கும், தாரையாக விட்டால் நீர் ஒரே ஏடாக வழிந்து பெரும்பகுதி தன்னோடு போய்விடும். குழாய் நீரில் கால்சியம், மெக்னீசியம் இருக்கும் என்பதால் மழையை விட அதில்தான் கவனம் வேண்டும். காய்ந்தால் கெண்டியின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு.

தடம் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? வெறும் நீரில் போய்விட்டால் அது உப்பு. போகாவிட்டால் சமையலறை வினிகரில் பாதிக்குப் பாதி நீர் கலந்து, தகடு ஆறியிருக்கும்போது, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுத்து உடனே நீர் விட்டு அலசுங்கள், சுண்ணாம்பு கரைந்துவிடும். சூடான தகட்டில் வினிகரைக் காயவிட்டால் தடத்தோடு இன்னொரு தடம் சேரும். அப்புறமும் வளையம் தெரிந்தால், சாயங்காலம் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். வளையம் மேலே படிந்திருக்காமல் உள்ளே குழிந்து தெரிந்தால் அமிலம் கிளியர் கோட்டைத் தின்றிருக்கிறது, அதை எந்தத் திரவமும் எடுக்காது. பாலிஷ் செய்வது என்றால் சுற்றியிருக்கும் பூச்சைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை சீவி இறக்குவது. இருப்பதே 40 மைக்ரான் சொச்சம், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதற்குள்தான் இருக்கிறது. என் பானெட்டில் இடது ஓரத்தில் அப்படி மூன்று வளையங்கள் இருக்கின்றன. ஒரு முறை பாலிஷ் செய்து மங்கவைத்தேன், இனிமேல் அவற்றை அப்படியே விட்டுவிடப்போகிறேன்.