கல்லுக்கு ஏதுங்க செதில்? கற்சில்லுன்னு எழுதுங்க

மறுபடியும் ஒரு வீடியோவுல "ஆதிமனிதர்கள் கற்செதில்களால் இறைச்சியை அறுத்தனர்"னு கேட்டேன். பக்கத்துல இருந்த என் பொண்ணு "மீன் செதிலாப்பா?"ன்னு கேக்குறா. அவ மேல தப்பே இல்ல.

இந்தக் கற்செதிலுக்கு இங்கிலீஷ்ல ஃப்ளேக்னு பேரு, ஸ்னோஃப்ளேக்ல வர்ற அதே சொல்தான். ஒரு கல்லோட விளிம்புல இன்னொரு கல்லால ஓங்கி அடிச்சா தெறிச்சு வர்ற மெல்லிசான துண்டு, ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அவ்ளோதான்.

செதில்தான் சரின்னு வாதாடுறவங்க செதுக்கு, செதில் ரெண்டும் ஒரே வேருன்னு சொல்றாங்க. இருக்கட்டும், ஆனா செதுக்கும்போது மிஞ்சுறதுதான் பொருள், உதிர்றது குப்பை. இங்க அப்படியே தலைகீழ். கென்யாவுல விக்டோரியா ஏரிப் பக்கம் கஞ்செரா சவுத்னு ஒரு இடம், சுமார் 20 லட்சம் வருசத்துக்கு முன்னாடி அது புல்வெளி, அங்க இருந்தவங்க சின்ன மறிமான்களை அறுத்த வெட்டுத்தடம் எலும்புல இன்னும் இருக்கு, கருவியோட தேய்மானத்த மைக்ராஸ்கோப்ல பாத்தா கிழங்கு, மரம் அறுத்ததும் தெரியுது. நல்ல கல்லுக்காக 10 கிலோமீட்டருக்கு மேல தூக்கிச் சுமந்திருக்காங்க, பக்கத்துல கிடைச்சது சீக்கிரம் மழுங்கிடும்னு. இத்தனை பாடும் முக்கியமா அந்தத் தெறிச்ச துண்டுக்குத்தான்!

தானா உதிர்றது செதில், அடிச்சா தெறிக்கிறது சில்லு. தேங்காய உடைச்சு சில்லு போடுறோம், அங்க சில்லுதான் நமக்கு வேணும். கண்ணாடிச் சில்லு கால்ல ஏறினா ரத்தம் வருது, கூர்மையும் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. இத விட்டுட்டு எதுக்கு வேற சொல் தேடணும்?

கீழடியில வட்டச்சில்லுன்னு பானை ஓட்டுக்கு ஏற்கெனவே சொல்றோமேன்னு கேப்பாங்க. அது ஓட்டுச்சில்லு, இது கற்சில்லு, என்ன குழப்பம்? ஈழத்துல சில்லுன்னா சைக்கிள் சக்கரம், அந்த ஆட்சேபணை மட்டும் நியாயம்தான். முதல் தடவை "உடைச்செடுத்த கற்சில்லு"ன்னு எழுதிட்டா அவங்களுக்கும் புரிஞ்சிடும்.

சில்லு எடுக்குற மூலக்கல்லுக்கு "கருக்கல்"னு பேரு வச்சது இன்னும் கொடுமை. கருக்கல்ல எந்திரிச்சு வயலுக்குப் போற ஊர்ல அந்தச் சொல்ல எப்படிங்க கல்லுக்கு வைப்பீங்க? மொழிபெயர்க்கிறவங்க அகராதிய மூடிட்டு, எழுதின வாக்கியத்த ஒரு தடவ வீட்ல சத்தமா படிச்சுக் காட்டுங்க. தாய்க்கல்லுன்னு சொன்னா என் பொண்ணுக்கு உடனே புரியுது.